சிவப்பு இறைச்சி: நிறத்தின் பெயரால் வரையப்பட்ட ஓர் எல்லையின் வரலாறு

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து மருத்துவ அறிவுரைகளிலும் உணவுப் பரிந்துரைகளிலும் சந்தைப் புள்ளிவிவரங்களிலும் இடைவிடாமல் இடம்பெற்று வரும் 'சிவப்பு இறைச்சி' என்னும் தொடர், கேட்ட மாத்திரத்தில் நிறத்தைக் குறிப்பதாகவே தோன்றும். ஆனால், சமைக்கும் முன் அடர்சிவப்பாக இருக்கும் வாத்தின் கறியும் தீக்கோழியின் கறியும் மருத்துவ வழக்கில் இந்த வகைக்குள் வருவதில்லை. வெளிறிய இளஞ்சிவப்பாகத் தோன்றும் பன்றிக்கறியும், ஏறத்தாழ வெண்மையாகவே விற்கப்படும் பால்கன்றின் கறியும் இதற்குள் அடங்கிவிடுகின்றன. ஆகவே இந்தத் தொடர் குறிக்கும் எல்லையைக் கண்ணால் மட்டும் கண்டுகொள்ள முடியாது. சமய விதிகள், சமையற்கலை, சட்டம், வணிகம், மருத்துவம் ஆகிய ஐந்தும் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு நோக்கங்களுடன் வரைந்த கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்ததன் விளைவே இன்றைய பொருள். அந்தக் கோடுகளைத் தனித்தனியே பிரித்துப் பார்த்தால்தான், உடல்நலம் குறித்த ஓர் எச்சரிக்கை எந்த உணவைச் சுட்டுகிறது, எதைச் சுட்டவில்லை என்பது தெளிவாகும்.

தசையின் நிறம்

இறைச்சியின் சிவப்புக்குக் காரணம் இரத்தம் என்பது பரவலான எண்ணம். விலங்கு அறுக்கப்பட்டவுடன் இரத்தத்தின் பெரும்பகுதி வடிந்துவிடுகிறது. எஞ்சும் நிறத்தைத் தருவது தசை நார்களுக்குள்ளேயே இருக்கும் மையோகுளோபின் என்னும் புரதம். இரும்பணுவைத் தாங்கிய இப்புரதம், இரத்தம் கொண்டுவரும் ஆக்சிஜனைத் தசைக்குள் பெற்று இருத்தி வைத்து, உழைக்கும் நேரத்தில் வழங்குகிறது. புதிதாக வெட்டிய கறித்துண்டின் உட்புறம் கருஞ்சிவப்பாகவும், காற்றுப் பட்டதும் பளிச்சென்ற சிவப்பாகவும், நெடுநேரம் கழிந்தபின் பழுப்பாகவும் மாறுவது, அந்த இரும்பணு ஆக்சிஜனுடன் கொள்ளும் உறவு மாறுவதாலேயே ஆகும். கறியிலிருந்து கசியும் சிவந்த நீரும் பெரும்பாலும் தசைநீரில் கரைந்த இந்த நிறமியே.

நெடுநேரம் தளராமல் உழைக்கும் தசைகளில் மையோகுளோபின் மிகுதியாகவும், சட்டென்று இயங்கிச் சட்டென்று ஓயும் தசைகளில் குறைவாகவும் இருக்கும். பிரெஞ்சு உடற்கூற்று அறிஞர் லூயி ரான்வியே 1870களில் முயலின் உடலிலேயே சிவந்த தசைகளும் வெளிறிய தசைகளும் தனித்தனியாக இருப்பதையும், அவை சுருங்கி விரியும் வேகம் வேறுபடுவதையும் விளக்கினார். பண்ணைக் கோழியின் தொடைக்கறி சற்றுக் கறுத்தும் நெஞ்சுக்கறி வெளிறியும் இருப்பதற்கு, நாள் முழுதும் நிற்கும் கால்களுக்கும் பறப்பதற்குப் பயன்படாத நெஞ்சுக்கும் உள்ள வேறுபாடே காரணம். நெடுந்தொலைவு பறக்கும் வாத்தினத்தில் நெஞ்சே சிவந்திருக்கிறது. நீண்ட நேரம் மூச்சை அடக்கி ஆழ்கடலில் மூழ்கும் திமிங்கிலங்களின் தசையில் இந்த நிறமி மிக அதிகமாக இருப்பதால்தான், ஜான் கெண்ட்ரூ தம் ஆய்வுக்கு எண்ணெய்த் திமிங்கிலத்தின் மையோகுளோபினைத் தேர்ந்தெடுத்தார்; முப்பரிமாண வடிவம் கண்டறியப்பட்ட முதல் புரதம் என்னும் பெருமை 1958இல் அதற்குக் கிடைத்தது, 1962இல் கெண்ட்ரூ வேதியியல் நோபல் பரிசை மாக்ஸ் பெருட்ஸுடன் பகிர்ந்துகொண்டார். அறிவியல் காட்டும் உண்மை இது: நிறம் என்பது படிப்படியாக ஏறி இறங்கும் ஓர் அளவே அன்றி, விலங்குகளை இரண்டு கூட்டமாகப் பிளக்கும் கோடு அன்று. ஒரே விலங்கின் உடலுக்குள்ளேயே அது தசைக்குத் தசை மாறுகிறது; வயதுக்கு வயதும் மாறுகிறது.

நிறத்துக்கு முந்தைய வகைப்பாடுகள்

இறைச்சியை வகுக்க நிறத்தை நாடாத மரபுகளே பழமையானவை. வடமொழி மருத்துவ நூலான சரக சம்ஹிதை, உயிரினங்கள் இரை தேடும் முறையையும் அவை வாழும் இடத்தையும் கொண்டு இறைச்சியை எட்டு வகையாக்கியது. பறித்து உண்பவை, வளைகளில் வாழ்பவை, நீர்வளம் மிக்க நிலத்தவை, வறண்ட காட்டு நிலத்தவை, கிளறி உண்பவை, கொத்தி உண்பவை என்றெல்லாம் அவ்வகைகள் அமைகின்றன. தமிழ்ச் சித்த மருத்துவத்தின் பொருட்குண நூல்களோ ஒவ்வொரு விலங்கையும் பறவையையும் பெயர் சொல்லி, அதன் இறைச்சிக்குத் தனித்தனியே குணம் உரைத்தன. வெள்ளாட்டுக்கும் செம்மறிக்கும் இடையிலான வேறுபாடே அந்த நூல்களுக்குப் பொருட்படுத்தத்தக்கதாக இருந்தது. இரண்டையும் சேர்த்து மாட்டோடும் பன்றியோடும் ஒரே பெயரில் அடைக்கும் தேவை அங்கு எழவில்லை.

பிற்காலச் சிவப்பு இறைச்சியின் எல்லையோடு பெரிதும் ஒத்துப்போகும் ஒரு கோடு, ஐரோப்பியத் துறவற மடங்களில் தென்படுகிறது. ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் வகுத்த துறவு ஒழுங்கின் 39ஆம் அத்தியாயம், மிகவும் நலிந்த நோயாளிகள் தவிர மற்ற அனைவரும் நாற்கால் விலங்குகளின் இறைச்சியை அறவே விலக்க வேண்டும் என்றது. பறவைகளைப் பற்றி அது வெளிப்படையாக ஒன்றும் சொல்லாமையால், பின்வந்த துறவியரிடையே நெடிய விவாதம் எழுந்தது. படைப்பின் ஐந்தாம் நாளில் மீன்களும் பறவைகளும் சேர்ந்தே படைக்கப்பட்டதாக வேதாகமம் கூறுவதால் பறவைகள் மீனுக்கு நெருங்கியவை என்று வாதிட்டோரும் இருந்தனர். நாற்கால் விலங்கின் ஊன் உடற்சூட்டையும் இச்சையையும் தூண்டும் என்னும் கருத்து, அக்கால மருத்துவத்துக்கும் துறவுக்கும் பொதுவாக இருந்தது. இங்கே அளவுகோல் கால்களின் எண்ணிக்கைதான். ஆயினும் அந்தக் கோட்டின் ஒரு பக்கம் மாடு, ஆடு, பன்றியும், மறுபக்கம் கோழியும் மீனும் என்ற அமைப்பு, ஆயிரத்து நானூறு ஆண்டுகள் கழித்து மருத்துவர்கள் வரையவிருந்த கோட்டை முன்கூட்டியே காட்டுகிறது.

சமையலறை வரைந்த கோடு

நிறச்சொற்கள் உணவு வழக்கில் நுழைந்தபோதும் அவற்றின் பொருள் இன்றையதாக இருக்கவில்லை. பதினாறாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் 'வெள்ளை உணவு' என்று பொருள்படும் தொடர் பால், வெண்ணெய், பாலாடைக்கட்டி ஆகியவற்றைக் குறித்தது. வில்லியம் ஹாரிசன் 1577இல் வெளியான தம் இங்கிலாந்து வருணனையில், முன்பு நாடு முழுவதும் மதிக்கப்பட்ட அந்த உணவுகள் தம் காலத்தில் எளியோரின் உணவாகத் தாழ்த்தப்பட்டுவிட்டதைப் பதிவு செய்தார். கோழியின் நெஞ்சுக்கறியை வெள்ளை என்று வழங்குவது பின்னர் வலுப்பெற்ற வழக்கு.

பிரெஞ்சுச் சமையற்கலை இறைச்சியைச் சிவப்பு, வெள்ளை, கறுப்பு என மூன்றாக வகுத்தது. மாடும் ஆடும் குதிரையும் சிவப்பு. கன்று, முயல், கோழி ஆகியவை வெள்ளை. வேட்டையில் கிடைத்த மானும் காட்டுப்பன்றியும் கறுப்பு. 1825இல் 'சுவையின் உடலியல்' என்னும் நூலை வெளியிட்ட பிரியா சவரேன், இறைச்சிச் சாற்றின் சுவைக்கு ஆதாரமான 'ஓஸ்மசோம்' என்ற சத்து, சிவந்த அல்லது கறுத்த தசையுள்ள முதிர்ந்த விலங்குகளில் மிகுதியாக இருப்பதாகவும், ஆட்டுக்குட்டியிலும் பால்குடிப் பன்றிக்குட்டியிலும் கோழியிலும் அது இல்லாததற்குச் சமம் என்றும் எழுதினார். அந்தச் சத்து தனிப்பொருள் அன்று என்பதைப் பிற்கால வேதியியல் நிறுவிவிட்டது. ஆனால் நிறத்தை விலங்கின் இனத்தோடு மட்டுமன்றி வயதோடும் இணைத்துப் பார்த்த அவரது நோக்கு மையோகுளோபின் அறிவியலுக்கு ஒத்ததே. சமையலறைக்கு இந்த வகுப்பு பயனுள்ள ஒன்று: எந்தக் கறியை அரைவேக்காட்டில் எடுக்கலாம், எதை முழுதும் வேகவைக்க வேண்டும், எதனோடு எந்த மதுவைப் பரிமாற வேண்டும் என்ற முடிவுகளுக்கு அது வழிகாட்டியது.

இந்த வெண்மைக்கு ஒரு விலையும் இருந்தது. கன்றின் கறி வெளிறியிருந்தால் உயர்தரம் என்ற மதிப்பு நிலைபெற்றதால், இரும்புச்சத்துக் குறைந்த பாலுணவை மட்டும் கொடுத்து, அசைய இடமில்லாத மரக்கூண்டுகளில் கன்றுகளை வளர்க்கும் முறை ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பரவியது. விலங்கைச் சோகைக்கு உள்ளாக்கிப் பெற்ற அந்த வெண்மையை எதிர்த்து எழுந்த இயக்கங்களின் பயனாக, பிரிட்டன் 1990இலும் ஐரோப்பிய ஒன்றியம் 2007இலும் அத்தகைய கூண்டுகளைத் தடை செய்தன. ஒரு நிறத்தை உயர்வென்று கொண்ட சமூகம், அந்த நிறத்துக்காக உயிரின் வாழ்வையே வளைத்தது என்பதற்கு இது மறக்கக்கூடாத சான்று.

சட்டமும் சந்தையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மாடும் ஆடும் பன்றியும் பெருந்தொழிலின் மூலப்பொருள்களாயின. சிக்காகோவின் ஒருங்கிணைந்த கால்நடைச் சந்தை 1865இல் திறக்கப்பட்டு 1971 வரை இயங்கியது. 1870களின் பிற்பகுதியில் குஸ்டாவஸ் ஸ்விஃப்ட் குளிரூட்டப்பட்ட ரயில் பெட்டிகளில் அறுத்த இறைச்சியைக் கிழக்கு நகரங்களுக்கு அனுப்பத் தொடங்கினார். ஜெர்மன் வேதியியலாளர் லீபிகின் முறைப்படி இறைச்சிச் சாறு காய்ச்ச 1865இல் உருவான நிறுவனம் உருகுவேயின் ஃப்ரே பென்டோஸ் ஊரைத் தொழில்நகராக்கியது. அந்த வளாகம் 2015இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. 1882 பிப்ரவரியில் நியூசிலாந்தின் போர்ட் சால்மர்ஸ் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட 'டனிடின்' கப்பல், உறைய வைத்த ஏறத்தாழ 5,000 உடலங்களுடன், பெரும்பாலும் செம்மறியாட்டு உடலங்களுடன், அவ்வாண்டு மே மாதம் லண்டனை அடைந்தபின், தென்கோளத்தின் மேய்ச்சல் நிலமும் வடகோளத்தின் உணவு மேசையும் ஒரே சந்தையாயின. இந்தப் பெருந்தொழில் முழுதும் நாற்கால் விலங்கையே நம்பியிருந்தது. கோழி அப்போது பண்ணை வீட்டு முற்றத்தில் பெண்கள் வளர்த்து விற்ற சிறு வருவாய்ப் பொருளாகவே இருந்தது.

அப்டன் சின்கிளேர் சிக்காகோ இறைச்சிக் கூடங்களின் கேட்டைச் சித்திரித்த 'தி ஜங்கிள்' நாவல் வெளிவந்த 1906ஆம் ஆண்டிலேயே, அமெரிக்கா இறைச்சி ஆய்வுச் சட்டத்தை இயற்றியது. மாடு, செம்மறியாடு, பன்றி, வெள்ளாடு ஆகிய நான்கும் அதன் வரம்புக்குள் வந்தன. கோழியினங்களுக்கான தனி ஆய்வுச் சட்டம் 1957இல்தான் பிறந்தது. அரை நூற்றாண்டு இடைவெளியில் பிறந்த இந்த இரண்டு சட்டங்கள், ஆய்வாளர்களையும் முத்திரைகளையும் கணக்கேடுகளையும் இரண்டாகப் பிரித்தன. அமெரிக்க வேளாண் துறையின் புள்ளிவிவரங்களில் மாடு, கன்று, பன்றி, ஆடு ஆகியவை 'சிவப்பு இறைச்சி' என்ற தலைப்பிலும், கோழியும் வான்கோழியும் வேறு தலைப்பிலும் அடங்கியதற்கு அடித்தளம் இந்த நிர்வாகப் பிரிவினையே. மாட்டிறைச்சியைப் போலவே சிவந்த தீக்கோழிக் கறி 2001இல் கட்டாய ஆய்வுக்குள் கொண்டுவரப்பட்டபோது, அது பறவையினச் சட்டத்தின் கீழ் சேர்க்கப்பட்டது என்பது, சட்டத்தின் கண் நிறத்தைப் பார்க்கவில்லை என்பதை உறுதிப்படுத்துகிறது.

ஒரு காலத்தில் வலிமையின் அடையாளமாக விற்கப்பட்ட சிவப்பு, 1980களில் வணிகருக்குச் சுமையானது. கோழிக்கறியின் நுகர்வு ஆண்டுதோறும் ஏறிக்கொண்டிருந்த நிலையில், அமெரிக்கப் பன்றி வளர்ப்போர் அமைப்பு 1987இல் பன்றிக்கறியை 'மற்றொரு வெள்ளை இறைச்சி' என்று அறிவிக்கும் விளம்பர இயக்கத்தைத் தொடங்கி இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நடத்தியது. அமெரிக்க உணவு விளம்பரங்களில் மிகவும் அறியப்பட்ட வாசகங்களுள் ஒன்றாக அது வளர்ந்தது. அரசின் வகைப்பாட்டிலோ மருத்துவ ஆய்வுகளிலோ பன்றி இடம் மாறவில்லை. மாறியது நுகர்வோரின் மனத்தில் இருந்த படம் மட்டுமே.

சத்தும் அச்சமும்

மருத்துவம் இந்த உணவை முதலில் போற்றவே செய்தது. ஜார்ஜ் விப்பிள், சோகையுற்ற நாய்களுக்குப் பல்வேறு உணவுகளைக் கொடுத்து, இரத்தம் மீளும் வேகத்தை ஒப்பிட்டபோது ஈரலும் இறைச்சியும் முன்னணியில் நின்றன. அதைத் தொடர்ந்து ஜார்ஜ் மைனட்டும் வில்லியம் மர்ஃபியும் 1926இல் உயிர்கொல்லிச் சோகைக்கு ஈரல் உணவு மருந்தாவதை நிறுவினர், மூவரும் 1934இல் நோபல் பரிசு பெற்றனர். ஈரலின் அந்த ஆற்றலுக்குக் காரணமான பி12 உயிர்ச்சத்து 1948இல் பிரித்தெடுக்கப்பட்டது. தாவர உணவின் இரும்பைவிட இறைச்சியின் நிறமியோடு பிணைந்த இரும்பை உடல் எளிதில் ஏற்கிறது என்பதும் பின்னர் தெளிவானது. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுவரையிலான பெண்களில் 57 விழுக்காட்டினர் சோகையுற்றிருக்கும் இந்தியாவில், இந்த நன்மையைச் சிறிதாகக் கருதிவிட முடியாது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இதயநோய் பெருகிய மேலைநாடுகளில் பார்வை திரும்பியது. நிறைவுற்ற கொழுப்பையும் இரத்தக் கொலஸ்டிராலையும் தொடர்புபடுத்திய ஆன்சல் கீஸின் ஏழு நாடுகள் ஆய்வு 1958இல் தொடங்கியது. செனட்டர் ஜார்ஜ் மெக்கவர்ன் தலைமையிலான அமெரிக்க செனட் குழு, 1977 ஜனவரியில் வெளியிட்ட உணவு இலக்குகளில் இறைச்சியைக் குறைக்குமாறு கூறியது. கால்நடை வளர்ப்போரின் கடும் எதிர்ப்புக்குப் பின், அதே ஆண்டின் இறுதியில் வந்த திருத்தப் பதிப்பு, நிறைவுற்ற கொழுப்பைக் குறைக்கும் வகையில் இறைச்சி, கோழி, மீன் ஆகியவற்றைத் தேர்ந்தெடுக்குமாறு மட்டுமே கேட்டுக்கொண்டது. கொழுப்பை மையமாகக் கொண்ட அறிவுரை நெஞ்சில் பதியும் ஓர் எளிய சொல்லைத் தேடியபோது, சட்டமும் புள்ளிவிவரமும் ஏற்கெனவே வைத்திருந்த 'சிவப்பு' என்ற பெயர் கைக்கு எட்டியது. அதன்பின் அது மருத்துவமனைகளின் அன்றாடச் சொல்லாகி உலகெங்கும் பரவியது.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்தச் சொல்லுக்கு மிகத் திட்டமான வரையறையை அளித்தது. பத்து நாடுகளைச் சேர்ந்த 22 அறிஞர்கள் 2015 அக்டோபரில் பிரான்சின் லியோன் நகரில் கூடி, 800க்கும் மேற்பட்ட ஆய்வுகளைப் பரிசீலித்தனர். பாலூட்டிகளின் தசை இறைச்சி, அதாவது மாடு, கன்று, பன்றி, செம்மறி, வெள்ளாடு, குதிரை ஆகியவற்றின் கறி, சிவப்பு இறைச்சி என்றும், உப்பிட்டோ புகையிட்டோ வேதிப்பொருள் சேர்த்தோ பாதுகாக்கப்பட்ட சாசேஜ், பேக்கன், ஹாம் போன்றவை பதப்படுத்திய இறைச்சி என்றும் வரையறுக்கப்பட்டன. பதப்படுத்திய இறைச்சி புற்றுநோயை உண்டாக்குவது உறுதி என்னும் முதற்பிரிவிலும், சிவப்பு இறைச்சி உண்டாக்கக்கூடும் என்னும் 2ஏ பிரிவிலும் வைக்கப்பட்டன. நாள்தோறும் உண்ணும் ஒவ்வொரு 50 கிராம் பதப்படுத்திய இறைச்சிக்கும் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 விழுக்காடு கூடுவதாகக் கணக்கிடப்பட்டது. இங்கே பெரும்பாலோர் தவறவிடும் ஒரு நுட்பம் உண்டு: இந்தப் பிரிவுகள் சான்றின் வலிமையைச் சொல்கின்றனவே தவிர, ஆபத்தின் அளவைச் சொல்லவில்லை, புகையிலை அதே முதற்பிரிவில் இருப்பதால் இரண்டும் ஒரே அளவு கொடியவை என்று பொருளாகாது. சான்றுகளை எடைபோடுவதிலும் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. 2019இல் ஒரு பன்னாட்டு ஆய்வுக்குழு, சான்றுகள் நலிந்தவை என்பதால் பெரும்பாலோர் இப்போதைய அளவிலேயே தொடரலாம் என்று பரிந்துரைத்தபோது, பொதுச் சுகாதார வல்லுநர் பலர் அதைக் கடுமையாக மறுத்தனர். எனினும் உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம் தன் 2018 அறிக்கையில் முன்வைத்த, சிவப்பு இறைச்சியை வாரத்துக்குச் சமைத்த எடையில் 350 முதல் 500 கிராமுக்கு மேற்படாத அளவில் உண்ணலாம் என்னும் வரம்பு, நடுநிலையான வழிகாட்டியாகப் பரவலாக ஏற்கப்பட்டுள்ளது.

எல்லை பொருந்தும் இடமும் பொருந்தாத இடமும்

நான்கு கால்களை அளவுகோலாகக் கொண்டு துறவிகள் வரைந்த கோடும், பாலூட்டிகள் என்று மருத்துவர்கள் வரைந்த கோடும் உயிரியலில் உண்மையாகவே பொருந்தும் ஓர் இடம் அண்மையில் தெரியவந்தது. சில வகை உண்ணிகள் கடித்தபின், மாடு, ஆடு, பன்றி ஆகியவற்றின் கறியை உண்டு சில மணி நேரம் கழித்துத் தடிப்பும் மூச்சுத்திணறலும் ஏற்படும் ஒவ்வாமையை, தாமஸ் பிளாட்ஸ்மில்ஸ் குழுவினர் 2009இல் அமெரிக்காவில் விளக்கினர். இதற்குக் காரணமான ஆல்ஃபா-கால் என்னும் சர்க்கரைக் கூறு, மனிதரும் வாலில்லாக் குரங்குகளும் உள்ளிட்ட சில உயர் முதனிகள் நீங்கலான பாலூட்டிகளின் உடலில் உண்டு. பறவைகளிலும் மீன்களிலும் இல்லை. அந்த நோயாளிக்கு வாத்துக்கறி எவ்வளவு சிவந்திருந்தாலும் பாதுகாப்பானது, பன்றிக்கறி எவ்வளவு வெளிறியிருந்தாலும் ஆபத்தானது.

சுற்றுச்சூழல் விவாதத்தில் இதே எல்லை தடுமாறுகிறது. அசைபோடும் மாடும் ஆடும் மீத்தேன் வாயுவை வெளியிடுகின்றன. அசைபோடாத பன்றியின் சுமை அதைவிடப் பெரிதும் குறைவு. எனவே இவை மூன்றையும் ஒரே பெயரில் அடக்கும் சொல், புவி வெப்பமாதலைப் பற்றிய பேச்சில் உண்மையை மறைத்துவிடுகிறது.

தமிழ் வழக்கும் செய்ய வேண்டியதும்

தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் கறிக்கடை, கறிக்குழம்பு என்றால் முதலில் மனத்தில் எழுவது ஆட்டுக்கறியே. 'மட்டன்' என்ற சொல் வெள்ளாட்டையும் செம்மறியையும் ஒன்றாகவே குறிக்கிறது. யாழ்ப்பாண வழக்கிலோ கறி என்பது காய்கறிக்கும் மீனுக்கும் பொதுவான குழம்பு வகையைக் குறிப்பதால், ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி என்று விலங்கின் பெயர் சேர்த்தே சொல்லப்படுகிறது. இத்தகைய மொழிச்சூழலில் வந்து சேர்ந்த 'சிவப்பு இறைச்சி', மாட்டிறைச்சியை மட்டும் குறிப்பதாகச் சிலராலும், கண்ணுக்குச் சிவந்த எதையும் குறிப்பதாக வேறு சிலராலும் கொள்ளப்படுவது வியப்பன்று. ஆட்டுக்கறி இந்த எச்சரிக்கைக்கு அப்பாற்பட்டது என்று நம்பி அளவின்றி உண்பதும், சோகையுற்ற ஒரு பெண் சிறிதளவு ஈரலையும் கறியையும் அஞ்சி ஒதுக்குவதும் இந்த மயக்கத்தால் விளையக்கூடிய இருவேறு தீங்குகள்.

மடத்து விதிக்கு ஒரு நோக்கமும், பிரெஞ்சுச் சமையலுக்கு வேறொரு நோக்கமும், ஆய்வுச் சட்டத்துக்கும் புற்றுநோய் முகமைக்கும் இன்னும் வேறு நோக்கங்களும் இருந்தன. அவை அனைத்தும் இறுதியில் ஒரே பெயருக்குள் வந்து தங்கியதால்தான் அந்தப் பெயர் தனித்து நின்று பொருள் தர இயலாததாகிவிட்டது. ஆகவே தமிழில் உணவு அறிவுரை எழுதுவோரும் மருத்துவமனையில் சீட்டு எழுதுவோரும், சிவப்பு இறைச்சி என்று குறிப்பிடும் ஒவ்வொரு முறையும், வெள்ளாடு, செம்மறியாடு, மாடு, எருமை, பன்றி என்று விலங்கின் பெயரையும், பதப்படுத்தியதா இல்லையா என்பதையும், வாரத்துக்கு எத்தனை கிராம் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். உண்பவருக்குப் பயன்படுவது அந்த மூன்று செய்திகளே.